வயது மாறினாலும் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி: பழைய ஆல்பத்தை வைத்து ஒரு முகமறிதல் செய்முறை

ஒருவருடைய கல்லூரிப் படத்தையும் போன வாரம் எடுத்த செல்ஃபியையும் கொடுத்தால், இன்று இலவசமாகக் கிடைக்கும் முகமறிதல் மாடல்களே (முகங்களை ஒப்பிடக் கற்றுக்கொண்ட கணினி நிரல்கள்) சட்டென்று ஒரே ஆள்தான் என்று சொல்லிவிடும். அதே ஆளின் நாலாம் வகுப்பு குரூப் போட்டோவைக் கொடுங்கள், தடுமாறும். ஒன்றரை வயதில் மொட்டை போட்டுக் காது குத்தியபோது எடுத்த படம் என்றால் அநேகமாகக் கைவிட்டுவிடும். ஏன் இப்படி, இதைச் சரிசெய்ய என்னென்ன முறைகள் இருக்கின்றன, அதில் எதை வீட்டு லேப்டாப்பிலேயே செய்துவிடலாம் என்பதை எழுதுகிறேன். குடும்ப ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஆளின் ஐம்பது வருட முகம் வரிசையாகக் கிடைப்பது அங்கேதான், அதோடு "இது யாரு?" என்று கேட்டால் சொல்ல அம்மாவோ பெரியப்பாவோ பக்கத்திலேயே இருப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இறங்கும் பெரும்பாலானவர்கள் உடனே தேடுவது வயதைத் தாங்கக்கூடிய புது மாடல் ஒன்றை. அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. வயது இடைவெளி வாரியாக அளந்து பார்ப்பது, நடுவயதுப் படங்களைப் பாலமாக வைத்துத் தூரத்து வயதுகளை இணைப்பது, இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே இருக்கிற மாடலிலிருந்து இன்னும் நிறைய வேலை வாங்க முடியும்.

மாறுவது இரண்டு விதம்

பிறந்ததிலிருந்து பதினெட்டு வயதுவரை மாறுவது எலும்பு. குழந்தைக்கு நெற்றி பெரிது, தாடை சின்னது, கண்கள் முகத்தில் கொஞ்சம் கீழே இறங்கி இருப்பதுபோல் தெரியும். வளர வளரத் தாடை கீழும் முன்னுமாக இறங்கும், மூக்கு நீளும், கண்ணுக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள தூரம் கூடும். அதாவது முகத்தின் விகிதமே மாறிவிடுகிறது. இருபதைத் தாண்டினால் எலும்பு பெரிதாக நகராது, தோலும் சதையும்தான் வேலை செய்யும்: கண்ணுக்குக் கீழ் பை, மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இறங்கும் கோடு, தொங்கும் கன்னம், ஏறி இறங்கும் எடை, பின்வாங்கும் முடி. எழுபதுக்கு மேல் பல் போய்விட்டால் கீழ்முகம் குறுகி, வாயின் ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடியும் விகிதமே மாறும்.

இந்த இரண்டையும் ஒரே பிரச்சினையாக நினைத்தால் எதுவும் நடக்காது. பெரியவர்கள் விஷயம் ஓரளவு கைக்குள் இருக்கிறது. 2018-ல் வெளிவந்த பெஸ்ட்-ரவுடன், அனில் ஜெயின் ஆய்வில் 18,007 பேரின் போலீஸ் பதிவுப் படங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தவறான பொருத்தம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகாதபடி வைத்தாலும், சுமார் ஆறு ஆண்டு இடைவெளிவரை 99 சதவீதம் பேரை அடையாளம் காண முடிந்தது. இடைவெளி கூடக்கூட மதிப்பெண், அதாவது இரண்டு படமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மாடல் தரும் எண், இறங்குகிறது என்பதும் அதே ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகள் விஷயம் அப்படியில்லை. நம் ஊர் ஆவணங்களே அதை ஒப்புக்கொண்டுதான் நடக்கின்றன: ஆதாரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகையும் கருவிழிப் பதிவும் எடுப்பதில்லை, முகப்படம் மட்டும்தான், அப்புறம் 5 வயதிலும் 15 வயதிலும் பயோமெட்ரிக்கைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும், சிறுவர்களுடையது ஐந்து ஆண்டுதான்.

படத்தை மாடலுக்குக் கொடுக்கும் முன்

பெரும்பாலான மாடல்கள் முகத்தை 112-க்கு 112 பிக்சல் அளவுக்கு வெட்டித்தான் பார்க்கின்றன. இந்த எண்ணை மனதில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பள்ளி குரூப் போட்டோவில் ஒரு முகம் அரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும் என்று வையுங்கள், 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்குக் கிடைப்பது 59 பிக்சல்தான். 600 வைத்தால் 118, போதும். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு 300 தாராளம். முகம் அரிசி அளவில் இருக்கும் பெரிய குரூப் படங்களுக்கு மட்டும் 1200 வையுங்கள், அதற்கு மேல் போனால் பேப்பரின் சொரசொரப்புதான் பெரிதாகும்.

எண்பது தொண்ணூறுகளின் கலர் பிரிண்ட்களில் பல, பட்டுத் துணிபோல நெருக்கமான மேடுபள்ளம் உள்ள தாளில் போட்டவை. ஸ்கேன் செய்தால் முகம் முழுக்கத் தேன்கூடுபோல் புள்ளி விழும், மாடல் அதைத் தோலின் தன்மையாக எடுத்துக்கொள்ளும். ஒரு எளிய வழி உண்டு: படத்தை ஒருமுறை நேராகவும், ஒருமுறை 180 டிகிரி திருப்பி வைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாகப் பொருத்திச் சராசரி எடுங்கள். ஸ்கேனரின் விளக்கு எதிர்த் திசையிலிருந்து விழுவதால் மேட்டின் நிழல்களில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களில் கண்ணாடிமேல் குங்குமப் பொட்டும் சந்தனமும் காய்ந்திருக்கும், மாலை கன்னத்தை மறைக்கும். சட்டத்தைக் கழற்றிப் படத்தை மட்டும் எடுத்து ஸ்கேன் செய்வதுதான் சரி. தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்கோணத்திலிருந்து படம் பிடித்து, கோணலைக் கணினியில் நிமிர்த்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தக்கால ஸ்டூடியோக்களில் நெகட்டிவிலேயே பென்சிலால் டச்சிங் செய்து சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் அழித்துவிடுவார்கள். அதனால் ஐம்பது வயதுப் பாட்டி அந்தப் படத்தில் முப்பத்தைந்தாகத் தெரியலாம். வயதைக் கணிக்கும் மாடல் சொல்வதை இந்தப் படங்களுக்கு நம்பாதீர்கள், படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையோடு தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மங்கிய முகத்தைத் "தெளிவாக்கும்" செயலிகளை, ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் வகையறாவை, இந்த வேலையில் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். அவை இல்லாத விவரத்தைத் தாங்கள் கற்றுக்கொண்ட ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகின்றன. சட்டம் போட்டு மாட்ட அந்தப் படம் அழகாக இருக்கும், ஆனால் அதில் இருக்கும் இமையும் உதடும் உங்கள் தாத்தாவுடையது அல்ல. கருப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுவதும் தேவையில்லை. வேண்டுமானால் எதிர்த்திசையில் செய்யுங்கள்: புதிய கலர் படத்தையும் கருப்பு வெள்ளையாக்கி, இரண்டு பக்கமும் ஒரே தன்மையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிப்படை வரிசை

இதில் புதுமை எதுவும் வேண்டாம். முகத்தைக் கண்டுபிடி, இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் என ஐந்து புள்ளிகளை எடு, அந்தப் புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்கி வெட்டு, மாடலுக்குக் கொடு. அது 512 எண்கள் கொண்ட ஒரு வெக்டரைத் தரும், அதைத்தான் எம்பெடிங் என்கிறோம். இரண்டு எம்பெடிங்குகளின் நீளத்தையும் 1 ஆக்கிவிட்டு, எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டினால் கோசைன் மதிப்பெண் கிடைக்கும். ஒன்றை நெருங்கினால் ஒரே ஆள், பூஜ்யத்தை நெருங்கினால் வேறு ஆள்.

பைத்தான் தெரிந்தவர்கள் இன்சைட்ஃபேஸ் தொகுப்பில் உள்ள பஃபலோ எல் மாடலில் தொடங்கலாம். சுமார் ஆறு லட்சம் பேரின் படங்களில் பயின்ற, ரெஸ்நெட் 50 என்ற வகை நரம்பியல் வலை அது. அதன் ரெடிமேட் மாடல்கள் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் இலவசம், வணிகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், இதை மறக்காதீர்கள். புரோகிராம் எழுத விருப்பமில்லை என்றால் இம்மிச் என்ற திறமூல போட்டோ செயலியை வீட்டுக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள், அதுவும் உள்ளுக்குள் இதே மாடலைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது.

சின்ன விஷயம்தான், ஆனால் பலன் உண்டு: ஒவ்வொரு முகத்தையும் நேராக ஒருமுறை, கண்ணாடிப் பிம்பமாக ஒருமுறை கொடுத்து, இரண்டு எம்பெடிங்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்பதைப் பத்து வயதுக்குக் கீழும் எழுபதுக்கு மேலும் உள்ள முகங்களில் கண்ணாலேயே பார்த்துச் சரிபாருங்கள். பல்லில்லாத வாயின் ஓரத்தைக் கண்டுபிடிப்பான் தவறாகக் குறித்தால் முகம் முழுக்கவே நீண்டோ குறுகியோ வெட்டுப்படும், அப்புறம் எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் பயனில்லை.

அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள்

எந்த மாடலைப் பார்த்தாலும் முதல் வரியில் எல்எஃப்டபிள்யூ தேர்வில் 99.8 சதவீதம் என்று இருக்கும். 2007-ல் வந்த தேர்வுத் தொகுப்பு அது. அதில் ஒரே ஆளின் இரண்டு படங்கள் பெரும்பாலும் அதே காலத்துச் செய்திப் படங்கள், வயது என்ற கேள்வியே பெரிதாக எழுவதில்லை. அதே ஆட்களின் வேறு வயதுப் படங்களைத் தேடிச் சேர்த்து, "வேறு ஆள்" ஜோடிகளையும் ஒரே பாலினம் ஒரே இனம் என்று கடினமாக்கி 2017-ல் சிஏஎல்எஃப்டபிள்யூ என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். ஆர்க்ஃபேஸ் என்ற பிரபலமான முகமறிதல் முறையின் கட்டுரையிலேயே பாருங்கள், எல்எஃப்டபிள்யூ-வில் 99.82 எடுத்த மாடல் இதில் 95.45-க்கு இறங்குகிறது. நூறு ஜோடியில் நாலைந்து தப்பு, அதுவும் பிரபலங்களின் முகத்தில்.

ஏஜ்டிபி-30 என்ற தொகுப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் முப்பது ஆண்டு வயது வித்தியாசம், மொத்தம் 6,000 ஜோடி. மார்ஃப் என்ற தொகுப்பின் இரண்டாம் ஆல்பத்தில் 13,000-க்கும் மேற்பட்டவர்களின் 55,000 படங்கள் இருக்கின்றன, எல்லாம் கைதுப் பதிவுகள், வயது துல்லியமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலோருக்குச் சில ஆண்டு இடைவெளிதான். சிஏசிடி-யில் 2,000 பிரபலங்களின் ஒன்றரை லட்சத்துக்கு மேலான படங்கள், வயது இணையத் தேடலில் கிடைத்த ஆண்டை வைத்துக் கணக்கிட்டது என்பதால் கொஞ்சம் பிழை கலந்திருக்கும். என்னைக் கேட்டால் குடும்ப ஆல்பத்துக்கு மிக நெருக்கமானது எல்லாவற்றிலும் சின்னதான எஃப்ஜி-நெட்தான்: 82 பேர், 1,002 படங்கள், கைக்குழந்தை முதல் 69 வயதுவரை, அதிலும் பல படங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்தவை. இந்த ஒரே தொகுப்பில், ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றில் அதே ஆளைத் தேடும் தேர்வில், 2010-ல் முப்பரிமாண மாதிரி வைத்துச் செய்த முறைக்கு 37.4 சதவீதம் கிடைத்தது, 2013-ல் 69, 2016-ல் 88.1, 2019-ல் 94.5. துறை வளர்ந்த கதை இந்த நாலு எண்ணிலேயே இருக்கிறது.

ஆனாலும் உங்கள் ஆல்பத்துக்கு உங்கள் சொந்தத் தேர்வுதான் செல்லும். வீட்டில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து, யார் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த முகங்களை மட்டும் எடுத்து, பெயரையும் தோராய வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரே ஆள் ஜோடிகளை இடைவெளிப்படி பிரியுங்கள்: ஐந்து ஆண்டுக்குள், ஐந்து முதல் பதினைந்து, பதினைந்து முதல் முப்பது, அதற்கு மேல். இன்னொரு விதமாகவும் பிரியுங்கள்: இரண்டு படமும் பதினெட்டுக்கு மேலா, ஒன்று குழந்தைப் படமா, இரண்டுமே குழந்தைப் படமா. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக மதிப்பெண் பாருங்கள். மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால் எளிதான ஜோடிகள் கடினமானவற்றை மறைத்துவிடும்.

"வேறு ஆள்" ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான கவனம் வேண்டும். குடும்ப ஆல்பத்தில் எதிரி யாரென்றால் சொந்தக்காரர்கள்தான். இருபத்தைந்து வயது அப்பாவும் இருபத்தைந்து வயது மகனும் எடுக்கும் மதிப்பெண், இருபத்தைந்து வயது அப்பாவும் எழுபது வயது அப்பாவும் எடுப்பதைவிட அதிகமாக வருவது சகஜம். அக்காள் தங்கை, ஒரே மாதிரி மூக்குத்தி, ஒரே மாதிரி வகிடு, ஒரே ஸ்டூடியோவின் அதே பின்திரை. இந்த ஜோடிகளை ஒதுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்காரரையும் சித்தப்பாவையும் ஒப்பிட்டு 99 சதவீதம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே பாலினம், ஒரே குடும்பம், படத்தில் ஒரே வயது, இப்படிப்பட்ட ஜோடிகள் உங்கள் பட்டியலில் பாதியாவது இருக்கட்டும்.

த்ரெஷோல்ட் என்கிற கோடு

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் "ஒரே ஆள்" என்று ஏற்பது? இணையத்தில் யாரோ போட்ட 0.4, 0.5 என்ற எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். கணக்குப் போடுவோம். ஆல்பத்தில் 3,000 முகங்கள் இருந்தால் சாத்தியமான ஜோடிகள் சுமார் 45 லட்சம். பத்தாயிரத்தில் ஒன்று தவறாகப் பொருந்தும் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 45 லட்சத்தில் அது 450 தவறான இணைப்பு. ஒரே ஒரு தவறான இணைப்பு போதும், இரண்டு மனிதர்களின் மொத்த வாழ்க்கையும் ஒரே கோப்புறையில் வந்து விழ. அதனால் தானாக இணைப்பதற்குக் கடுமையான கோடு ஒன்று, மனிதரிடம் காட்டிக் கேட்பதற்குக் கொஞ்சம் தளர்ந்த கோடு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயது இடைவெளி கூடும்போது ஒரே ஆள் ஜோடிகளின் மதிப்பெண் இறங்குகிறதே, அதற்கேற்பக் கோட்டையும் இறக்கிவிடலாமே என்று தோன்றும். பெரியவர்-பெரியவர் ஜோடிகளில் கொஞ்சம் இறக்கலாம். குழந்தைகள் விஷயத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் பிரச்சினை: ஒரே குழந்தையின் மதிப்பெண் இறங்குவதோடு, வெவ்வேறு குழந்தைகளின் மதிப்பெண் ஏறவும் செய்கிறது. பயிற்சித் தரவில் பெரும்பாலும் பெரியவர்களே இருப்பதால், மாடலுக்குக் குழந்தைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறார்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தவறான பொருத்தம் அதிகம் விழுகிறது என்பதை அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி 2019-ல் வெளியிட்ட பெரிய சோதனை அறிக்கையிலும் பார்க்கலாம்.

பாலம் போடுங்கள்

எட்டு வயதுப் படத்தையும் அறுபது வயதுப் படத்தையும் நேரடியாக ஒப்பிட வேண்டிய கட்டாயம் என்ன? நடுவில் எஸ்எஸ்எல்சி ஹால் டிக்கெட் படம், கல்லூரி ஐடி, கல்யாண ஆல்பம், முதல் குழந்தையின் பிறந்தநாள், ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் என்று எவ்வளவோ இருக்கிறதே. எட்டிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து பதினாறு, பதினாறிலிருந்து இருபத்திரண்டு என்று சின்னச் சின்னத் தாவலாகப் போனால் ஒவ்வொரு தாவலும் மாடலுக்குச் சுலபம்.

செய்யும் விதம் இது. எல்லா முகங்களையும் காலகட்டமாகப் பிரியுங்கள், பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுத் துண்டு போதும், குழந்தைகள் இருக்கும் பகுதியில் மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டாம். தேதி தெரியாத படத்தைக் கூட இருப்பவர்களை வைத்து ஊகிக்கலாம், கைக்குழந்தை யார் என்று தெரிந்தாலே வருடம் கிடைத்துவிடும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கடுமையான கோட்டை வைத்து, நெருக்கமானவற்றைத் தானாகச் சேர்க்கும் டிபிஸ்கேன் போன்ற முறையில் குழுவாக்குங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சராசரி எம்பெடிங் எடுங்கள், தனிப்பட்ட படத்தைவிட அது நிதானமானது, ஒரு படத்தின் நிழலோ முகபாவமோ அதை அவ்வளவாக அசைக்காது. அப்புறம் அடுத்தடுத்த துண்டுகளின் குழுக்களை மட்டும் ஒன்றோடொன்று இணையுங்கள், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும் முதல் தேர்வாக இருந்தால் மட்டும்: இந்தக் குழுவுக்கு அது மிக நெருக்கம், அந்தக் குழுவுக்கும் இது மிக நெருக்கம்.

இப்படிச் சங்கிலியாகப் போவதில் ஒரு ஆபத்து உண்டு, நடுவில் ஒரு கண்ணி அண்ணனிலிருந்து தம்பிக்குத் தாவிவிட்டால் அதற்கப்புறம் எல்லாமே தப்பு. இதைத் தடுக்க ஆல்பமே இரண்டு விதிகளை இலவசமாகத் தருகிறது. ஒரே படத்தில் இருக்கும் இரண்டு முகங்கள் ஒரே ஆளாக இருக்க முடியாது. கல்யாணப் படம் ஒன்றில் நாற்பது பேர் நின்றால் 780 "இவர் அவரல்ல" விதிகள் கிடைக்கின்றன, அதுவும் கூடப் பிறந்தவர்கள் வரிசையாக நிற்கும் படம் என்றால் நமக்கு மிகவும் தேவைப்பட்ட இடத்திலேயே. இரண்டாவது, வயது பின்னோக்கி ஓடாது: 1975-ல் முப்பது வயதுக்காரராகத் தெரிபவர் 1990-ல் இருபது வயதில் இருக்க முடியாது. இந்த இரண்டு விதியையும் மீறும் இணைப்புகளைக் குழுவாக்கும்போதே வெட்டிவிடுங்கள், அப்பா-மகன் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மாடலுக்குள்ளேயே வயதைப் பிரிப்பது

இவ்வளவும் செய்தபின் இன்னும் எந்தக் கட்டம் பலவீனமாக இருக்கிறது என்று உங்கள் அட்டவணை சொல்லும். அப்போதுதான் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பக்கம் போக வேண்டும். அங்கே ஓடும் அடிப்படை எண்ணம் ஒன்றே: முகத்திலிருந்து எடுத்த எம்பெடிங்கில் ஆள் யார் என்பதும் வயது என்ன என்பதும் கலந்து கிடக்கின்றன, இரண்டையும் பிரித்து, ஆள் பகுதியை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டும்.

2013-ல் வந்த மறைகாரணி முறை இதை நேரடியாகவே எழுதியது: முகத்தின் எண் வடிவம் என்பது சராசரி முகம், ஆள் காரணி, வயதுக் காரணி, மிச்சப் பிழை ஆகிய நான்கின் கூட்டல். 2018-ல் வந்த ஓஇ-சிஎன்என் அதை வேறு விதமாகப் பார்த்தது: வெக்டரின் திசையில் ஆளை வை, நீளத்தில் வயதை வை. கேட்க அழகான யோசனை, ஆனால் ஸ்கேன் செய்த ஆல்பத்துக்கு எனக்கு இதில் தயக்கம் உண்டு, ஏனென்றால் படத்தின் தரமும் அதே நீளத்தில்தான் வந்து உட்காருகிறது. 2021-ல் வந்த மேக்ஃபேஸ் அந்த நீளத்தையே தரத்தின் அளவாகப் பயன்படுத்தியது. நம் கையில் பழைய படம் என்றால் மங்கலான படம், வயதும் தரமும் சேர்ந்தேதான் மாறும்.

2019-ல் வந்த டிஏஎல் முறையை எனக்குப் பிடிக்கும். எம்பெடிங்கை வயதுப் பகுதி, ஆள் பகுதி என்று பிரித்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஏதாவது தொடர்பு மிச்சம் இருக்கிறதா என்று ஒரு சின்ன வலை தேடிக்கொண்டே இருக்கும், பிரதான வலை அந்தத் தொடர்பை இல்லாமல் செய்யப் பார்க்கும். இரண்டும் மாறி மாறிப் போட்டி போட, ஆள் பகுதியில் ஒளிந்திருக்கும் வயதின் வாடை குறைந்துகொண்டே வரும்.

நீங்களே செய்து பார்க்க எளிதான வடிவம் ஒன்று சொல்கிறேன். ஆர்க்ஃபேஸ் மாடலின் அடிப்பகுதியைப் பயிற்சியில் மாறாதபடி அப்படியே உறைய வைத்து, கடைசிச் சில லேயர்களை (அடுக்குகளை) மட்டும் மாறும்படி திறந்துவிடுங்கள். மேலே இரண்டு கிளை. ஒன்று ஆளைச் சொல்லும், அதற்கு ஆர்க்ஃபேஸ் லாஸ் (மாடலின் தவறை அளக்கும் சூத்திரம்), மார்ஜின் 0.5, ஸ்கேல் 64 என்ற வழக்கமான எண்களே போதும். மற்றது வயதுப் பிரிவைச் சொல்லும், பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்தால் போதும். வயதுக் கிளையிலிருந்து கீழே இறங்கும் கிரேடியன்டின் (எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று சொல்லும் எண்களின்) குறியை மாற்றிவிடுங்கள், வயதைச் சரியாகச் சொல்ல உதவும் எதையும் கீழே உள்ள லேயர்கள் மறக்கத் தொடங்கும். இந்தக் கிளையின் எடையைப் பூஜ்யத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், ஒரேயடியாக ஏற்றினால் ஆளை அடையாளம் காண உதவுவதும் சேர்ந்து அழிந்துவிடும். கற்றல் வேகம் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் வயது இடைவெளி இல்லாத சாதாரண ஜோடிகளையும் அளந்துகொண்டே வாருங்கள், முப்பது ஆண்டுக் கட்டத்தில் இரண்டு சதவீதம் ஏறி, சாதாரணக் கட்டத்தில் மூன்று இறங்கினால் அது முன்னேற்றம் அல்ல.

பயிற்சிக்குக் குடும்ப ஆல்பம் போதாது. சில டஜன் மனிதர்களின் முகங்களை அந்த மாடல் அப்படியே மனப்பாடம் செய்துவிடும், புதியவர் யாருக்கும் பயன்படாது. ஒரே ஆளுக்குப் பல வயதுப் படங்கள் இருக்கும் சிஏசிடி, மார்ஃப் போன்றவற்றை உரிய அனுமதியோடு பெற்றுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, ஆல்பத்தைத் தேர்வுக்கு மட்டும் வையுங்கள்.

முகத்துக்கு வயதேற்றும் முறை

இன்னொரு வழி, சின்ன வயதுப் படத்தைக் கொடுத்து அறுபது வயதுப் படத்தை உருவாக்கி, அதை வைத்துத் தேடுவது. 2017-ல் வந்த சிஏஏஇ முதல் எத்தனையோ மாடல்கள் இதைச் செய்கின்றன. பார்க்க நம்பும்படி இருக்கும், ஆனால் அந்த மாடலுக்குத் தெரிந்தது சராசரியாக மனிதர்கள் எப்படி முதுமை அடைகிறார்கள் என்பது மட்டும்தான். வெயிலில் வேலை செய்தாரா, சர்க்கரை வந்து இளைத்தாரா, பல் கட்டினாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அடையாளத்தை உறுதிசெய்ய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன். காணாமல்போன குழந்தை இப்போது எப்படி இருக்கக்கூடும் என்று மக்களிடம் காட்டி, தகவல் கேட்பதற்கு இந்த மாதிரிப் படம் உதவும், அந்த இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. 2021-ல் வந்த எம்டிஎல்ஃபேஸ் அடையாளம் காண்பதையும் வயதேற்றிக் காட்டுவதையும் ஒரே மாடலில் சேர்த்தே பயிற்றுவிக்கிறது, மாடல் எதை வயதாகவும் எதை ஆளாகவும் எடுத்துக்கொண்டது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

குழந்தைகளைத் தேடுவது பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2018 ஏப்ரலில் டெல்லி போலீஸ் முகமறிதல் மூலம் நான்கே நாளில் காணாமல்போன குழந்தைகள் கிட்டத்தட்ட 3,000 பேரை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு அந்த முறையின் துல்லியம் 2 சதவீதம்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஒரு தாயிடம் போய் உங்கள் பிள்ளை கிடைத்துவிட்டான் என்று சொல்லும் வேலைக்கு, மாடல் கொடுப்பது ஒரு துப்பு மட்டும்தான். டிஎன்ஏவும் ஆவணமும் மனிதர்களின் விசாரணையும் சேர்ந்துதான் அதை உறுதிசெய்ய வேண்டும். இந்தத் துறையில் வேலை செய்யப் போகிற மாணவர்கள் இதில் சமரசம் செய்யக் கூடாது.

சேமித்து வைப்பதில்

வீட்டு ஆட்களின் எம்பெடிங்கும் அவர்களுடைய பயோமெட்ரிக்தான், அதை வெளிக் கிளவுடில் ஏற்றாமல் சொந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே வையுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், யாராவது வேண்டாம் என்றால் அவர் முகத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு மாடலின் எம்பெடிங்கை இன்னொரு மாடலின் எம்பெடிங்கோடு ஒப்பிட முடியாது, அதே மாடலின் அடுத்த பதிப்பாக இருந்தாலும் சரி. அதனால் ஒவ்வொரு வெக்டரோடும் மாடல் பெயர், பதிப்பு, முகம் வெட்டிய இடம் மூன்றையும் சேர்த்தே எழுதி வையுங்கள், மாடலை மாற்றினால் எல்லாப் படங்களையும் மறுபடி ஓட்டுங்கள், சில மணி நேர வேலைதான். மறுபடி ஓட்டிப் பெற முடியாதது மனிதர்கள் சொன்னது. இந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவது நிற்பவர் யார், அதைச் சொன்னது யார், எந்தத் தேதியில் சொன்னார், உறுதியாகச் சொன்னாரா "மாதிரி இருக்கு" என்றாரா என்பதைச் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் தனியாக எழுதி, இரண்டு பிரதியாவது வையுங்கள், ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.